நாலு அவுட் எல்.என்.பி: மூன்று அறைக்கு ஒரே டிஷ் போதுமா?

கீழே பெரியவர்கள், மாடியில் மகன் குடும்பம், முன்னறையில் பிள்ளைகளுக்கு ஒரு டிவி. இப்படிப்பட்ட வீடுகளின் மொட்டை மாடியில் இரண்டு மூன்று டிஷ் வரிசையாக நிற்பதைத் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறையப் பார்க்கலாம். தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பார்ப்பவர்களுக்கு அத்தனையும் தேவையே இல்லை. எல்.என்.பி என்பது டிஷ்ஷின் முன்னால் கைக்கம்பி முனையில் இருக்கும், சிக்னலை வாங்கி ஒயரில் அனுப்பும் தலை. நாலு அவுட் (ஒயர் மாட்டும் வாய்) உள்ள எல்.என்.பி ஒன்று வாங்கி, ஏற்கெனவே இருக்கும் டிஷ்ஷில் மாட்டினால் நாலு அறை வரைக்கும் தனித்தனி சேனல் ஓடும். கடையில் ‘குவாட்’ என்று கேளுங்கள். ‘குவாட்ரோ’ என்று ஒன்று தந்தால் வாங்காதீர்கள்; அதிலும் நாலு அவுட் இருக்கும், ஆனால் அது மல்டி ஸ்விட்ச்சோடு (பல டிவிக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் கருவி) சேர்த்துப் போடுவது. நேராக செட்-டாப் பாக்ஸில் செருகினால் ஓர் அவுட்டில் கால்வாசி அலைவரிசைதான் வரும்.

விலை சாதா சிங்கிள் எல்.என்.பியைப்போல் சில மடங்கு. அதைப் பார்த்துத்தான் பலர் சிங்கிளிலேயே ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரே ஒயரைப் பல டிவிக்குப் பிரிக்கிறார்கள். கேபிள் டிவிக்கு அது சரி, டிஷ்ஷுக்கு ஒத்துவராது. எல்.என்.பிக்கு மின்சாரம் போவது டிஷ் ஒயர் வழியாக, பாக்ஸிலிருந்து. 13 வோல்ட் போனால் செங்குத்து அலையை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடை அலையை எடுக்கும். கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போனால் மேல் பேண்டுக்கு (அலைவரிசையின் மேல் பாதிக்கு) மாறும். ஒரு பாக்ஸ் 13 கேட்கும்போது இன்னொன்று 18 அனுப்பினால், ஒரே அவுட்டில் அதிக வோல்ட்டேஜ்தான் ஜெயிக்கும். 13 கேட்ட அறையில் ‘நோ சிக்னல்’. இரண்டு டிவியிலும் தற்செயலாக ஒரே வகைச் சேனல் ஓடும்வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். அதனால்தான் இந்தக் கோளாறு ‘சில நேரம் வருது, சில நேரம் போகுது’ என்று ஆளைக் குழப்புகிறது. குவாட்டில் ஒவ்வொரு அவுட்டுக்கும் உள்ளே தனி ஸ்விட்ச் இருக்கிறது. இந்தச் சண்டையே வராது.

குவாட்டில் குறை இல்லாமல் இல்லை. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. நம் ஊரிலிருந்து அது நேர் தெற்கில் இல்லை. வடக்கிலிருந்து கணக்கிட்டால் 127, 128 டிகிரி, அதாவது தென்கிழக்கு. உயரம் சுமார் 67 டிகிரி. ஓசூரிலிருந்து அரூர் வரை இந்தக் கணக்கு ஒரு டிகிரிக்கு மேல் பெரிதாக மாறாது. வீடுகளில் இருப்பது எல்.என்.பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் அதன் முகம் பார்வைக்கு 42 டிகிரி அளவுக்குத்தான் அண்ணாந்திருக்கும். செயற்கைக்கோள் இவ்வளவு கிழக்கே தள்ளி இருப்பதால் எல்.என்.பியையும் கிளாம்பில் நன்றாகத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. சிங்கிளில் ஒரே வாய், கவலையில்லை. குவாட்டைத் திருப்பும்போது நாலு வாயும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், ரப்பர் மூடியின் அடியில் மழைத் தண்ணீர் தேங்கும். நம் பக்கம் ஐப்பசி மழை ஒரு சுற்று அடித்ததும் நடு ஊசி பச்சை பூத்துவிடும். அதனால் ஒவ்வொரு கனெக்டரையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். ஒயரை வாயிலிருந்து ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து, பிறகு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பயன்படுத்தாத நாலாவது வாய்க்கும் மூடி கட்டாயம்.

வாங்கும்போது இன்னொன்றைப் பாருங்கள். கழுத்து 40 மில்லிமீட்டர் கிளாம்பில் உட்காரும் மாடலா என்று கேளுங்கள். சில கட்டண டிடிஎச் டிஷ்களில் எல்.என்.பி கைக்கம்பியோடு சேர்ந்தே வரும், அதில் குவாட் மாட்ட வழியிருக்காது. முடிந்தால் நாலு அவுட்டையும் கடையிலேயே பாக்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று வேலை செய்து ஒன்று மட்டும் செத்திருந்தால் வீட்டில் பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

உண்மையில் பலன் கெடுவது எல்.என்.பியில் இல்லை, ஒயரில். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி 6 ஒயரில், பாக்ஸுக்கு வரும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரம்பின் மேல்முனையில், 100 மீட்டருக்கு 30 டெசிபெலுக்கு மேல் இழப்பு உண்டு. 20 மீட்டர் ஓட்டினால் ஆறு ஏழு டெசிபெல் போய்விடும். அதுவரை தாங்கும். நடுவில் ஜாயிண்ட் போட்டு முறுக்கி டேப் ஒட்டியிருந்தால் தாங்காது. ஒவ்வொரு அறைக்கும் டிஷ்ஷிலிருந்து ஒரே முழு ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு ஊசி முழுச் செம்பா என்று அறிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புக்குச் செம்புப் பூச்சு. வீட்டு நீளத்துக்கு அதுவே போதும், ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் சீக்கிரம் துரு ஏறும்.

ஒயர் நுனியில் எஃப் கனெக்டர் மாட்டுவதில்தான் அவசரம் கூடாது. வெளித்தோலை 13 மில்லிமீட்டர் உரியுங்கள். பின்னல் கம்பியை முழுவதுமாகப் பின்னால் மடக்குங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரையையும் அதன் மேல் உள்ள ஃபாயிலையும் நுனியிலிருந்து 6 மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். கனெக்டரைத் தள்ளினால் நுரை உள்ளே அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஊசி வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் போதும். பின்னலின் ஒரே ஒரு முடி ஊசியைத் தொட்டாலும் ஷார்ட். பாக்ஸ் பாதுகாப்புக்காக வோல்ட்டேஜை நிறுத்திவிடும். எல்.என்.பி செத்துப்போச்சு என்று மாற்றப்படும் பல கேஸ்கள் இந்த ஒரு முடிதான். திருகு கனெக்டரைவிட கம்ப்ரஷன் கனெக்டர் நல்லது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

சிக்னல் பிடிக்கும்போது ஒரே பாக்ஸை மட்டும் இணைத்து, மெனுவில் எல்.என்.பி வகையை யுனிவர்சல் என வைத்து, ‘குவாலிட்டி’ பாரைப் பாருங்கள். ‘ஸ்ட்ரெங்த்’ பார் ஒயர் சரியாக இருந்தாலே ஏறும், அதை நம்ப வேண்டாம். குவாலிட்டி உச்சம் வந்தபின் எல்.என்.பியைச் சிறிது சிறிதாகத் திருப்பி இன்னும் ஏறுகிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் மற்ற அறைகள். மழை வந்தால் படம் உறைகிற வீட்டில் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 ஆக்குங்கள், பரப்பு 2.25 மடங்கு, சிக்னலில் 3.5 டெசிபெல் லாபம்.

கட்டண டிடிஎச் கலந்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: டாடா ப்ளே 83 டிகிரி, ஏர்டெல் 108.2. அவை 93.5 பார்க்கும் டிஷ்ஷோடு சேராது. அங்கே கூடுதல் டிவிக்கு நிறுவனத்திடம் தனி இணைப்பு எடுக்க வேண்டும். 2020-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இரண்டாவது டிவியிலிருந்து நெட்வொர்க் கட்டணம் முதல் இணைப்பின் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. 2024 ஜூலையில் அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. ஆகவே மாதத் தொகையைக் கேட்டு உறுதி செய்துகொண்டு கையெழுத்திடுங்கள். ஃப்ரீ டிஷ்ஷில் மாதச் செலவே கிடையாது. அறைக்கு ஒரு பாக்ஸ், ஒரு ஒயர், அவ்வளவுதான். நாலுக்கு மேல் டிவி என்றால் எட்டு அவுட் எல்.என்.பியோ, குவாட்ரோவும் மல்டி ஸ்விட்ச்சுமோ தேவை. எல்லா அறையிலும் ஒரே சேனல் போதும் என்றால் எச்.டி.எம்.ஐ ஸ்ப்ளிட்டரே போதும், குவாட்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. மூன்று டிவியும் ஒரே எல்.என்.பியில் மாட்டியிருந்தால், மாடியில் இறங்கும் மின்னல் மூன்றுக்கும் சேர்ந்தே வரும். டிஷ் கம்பத்துக்குத் தடித்த செம்புக் கம்பியில் எர்த் கொடுங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி கேட்டால் கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. பாக்ஸின் பின்னாலிருக்கும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள், மூன்று அறையிலும்.