ஆறு வருடமாக ஒரு ‘டக்’

அமிகா 500 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியில் மாட்டும் என் 8-பிட் சாம்ப்ளரை (ஒலியை 0 முதல் 255 வரையான எண்களாக்கிக் கணினிக்குள் பதியும் பெட்டி) போன வாரம் திறந்தேன். வால்யூம் குமிழ் கரகரத்துக்கொண்டே இருந்தது, மாற்றியாக வேண்டிய நிலை. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், “இதே சாம்ப்ளர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?” என்று கேட்டார். ஆறு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறவனிடம் கேட்கலாமா இந்தக் கேள்வியை!

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் செருகினால் போதும், தனி அடாப்டர் வேண்டாம். அந்தப் போர்ட்டின் 14-ஆம் பின்னிலிருந்தே (இணைப்பு முள்) 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். (அமிகா 1000 வைத்திருப்பவர்கள் கிட்டேயே போகாதீர்கள், அதில் 5 வோல்ட் வருவது 23-ஆம் பின்னில்.) கணினியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், இல்லாவிட்டால் போர்ட்டை இயக்கும் 8520 சிப்புக்கு ஆபத்து. நான் 16,574 ஹெர்ட்ஸில் பதிகிறேன், பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) அமிகாவில் ப்ரோடிராக்கர் என்ற இசை மென்பொருளின் சி-3 சுருதிக்குச் சரியாக உட்காரும். கணினியின் 512 கிலோபைட் நினைவகத்தையும் மொத்தமாகக் கொடுத்தாலும் அரை நிமிடம்தான் கிடைக்கும். அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே யோசிக்க வைக்கிறது.

என் எரிச்சல் வேறு. ஒலியே இல்லாதபோது இந்தப் பெட்டி 0-க்கும் 255-க்கும் நடுவில் 128-ஐக் காட்ட வேண்டும். என்னுடையது 140 காட்டியது. அமிகா அந்த நடுப்புள்ளியைத்தான் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் எதைப் பதிந்தாலும் ஆரம்பத்தில் ஒரு ‘டக்’, முடிவில் ஒரு ‘டக்’. புல்லாங்குழலைப் பதிந்தால் யாரோ கதவைத் தட்டிவிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். சரி, பதிந்த பிறகு எல்லா எண்ணிலும் 12-ஐக் கழித்துவிடலாம் என்றால், பெட்டி சூடேற ஏற அந்த 140 மெல்ல 143 ஆகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் கணக்கு. சத்தமான இடங்களில் ஒலி அலையின் மேல்பக்கம் மட்டும் முன்னதாகவே நறுக்கப்படுவதைக் கழித்துச் சரிசெய்யவும் முடியாது.

குமிழை மாற்றும்போதுதான் உள்ளே அந்த நடுப்புள்ளியைத் திருப்பிச் சரிசெய்யும் ஒரு சின்ன டிரிம்பாட் கண்ணில் பட்டது. ஆறு வருடம்! பெட்டிக்கு வெளியே அதற்கு ஒரு துளை இல்லை, கூட வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அரை மணி நேரம் பெட்டியைச் சூடாகவிட்டு, மெல்லத் திருப்பி 128-க்குக் கொண்டுவந்தேன். புல்லாங்குழல் சுத்தமாக வந்தது. அந்த நிம்மதியில் பழைய பாட்டு ஒன்றுக்கு பாஸ் டிரம்மைப் புதிதாகப் பதிந்தேன். சப்பென்று இருந்தது. பழைய பதிவோடு மாற்றி மாற்றிக் கேட்டபோது புரிந்தது: நான் இத்தனை நாள் ‘என்ன அடி!’ என்று மெச்சிக்கொண்டிருந்ததில் பாதி, நான் திட்டிக்கொண்டிருந்த அதே ‘டக்’.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். தன் கோளாறைத் தானே மறைத்துவைக்கும் பெட்டிக்கு யாரும் ஆறு வருடம் கொடுக்கக் கூடாது. என் பெட்டிக்கு இன்னும் மூடி போடவில்லை. டிரிம்பாட்டில் 128-க்கு ஒன்று, 140-க்கு ஒன்று என்று மார்க்கரால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.