பைபாஸில் கொடையாளர் சிரை: எதனோடு ஒப்பிடுவது?

இறந்தவரின் காலிலிருந்து எடுத்து, உறைகாப்புத் திரவத்தில் ஊறவைத்து, திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் சேமித்த சிரையை இதய பைபாஸில் ஒட்டுக்குழாயாகத் தைக்கலாமா என்ற கேள்வி, நோயாளியின் சொந்த உடலில் தகுந்த குழாய் கிடைக்காதபோதுதான் எழுகிறது. ஆகவே மற்ற குழாய்களின் தரத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இடது மார்புத் தமனிக்கு இணையாக எதுவும் இல்லை. அதன் மேல்முனை இயல்பான இடத்திலேயே இருக்க, கீழ்முனையை மட்டும் இதயத்தின் முன்பக்கத் தமனியில் தைக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ 90 சதவீதம் திறந்தே இருக்கின்றன. ஆனால் மூன்று, நான்கு அடைப்புகள் உள்ளவருக்கு அது ஒன்று மட்டும் போதாது.

1967-இல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ பரவலாக்கிய காலின் நீள்சிரை நீளமானது, எடுப்பதும் எளிது. உள்ளே வால்வுகள் இருப்பதால் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும். குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைந்த அதன் சுவர் திடீரெனத் தமனியின் அழுத்தத்தைத் தாங்க நேர்வதால் உட்படலம் தடித்து, பின்னர் கொழுப்பும் படிகிறது; பத்து ஆண்டுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அடைபட்டுவிடுகின்றன. முன்கைத் தமனி இதைவிட நீண்டகாலம் திறந்திருக்கிறது, ஆனால் சுருங்கும் இயல்புடையது என்பதால் அடைப்பு கடுமையாக உள்ள தமனிக்கே ஏற்றது.

இந்த வரிசையில் கொடையாளர் சிரை கடைசியில்தான் நிற்கிறது. உறைய வைப்பதாலும் உருக வைப்பதாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் உட்படலச் செல்கள் பெருமளவு சேதமடைகின்றன. எஞ்சியவற்றை உடல் அந்நியமாகக் கருதித் தாக்குகிறது. இரத்தப் பிரிவு பொருந்தினாலும் திசுப் பொருத்தம் பார்ப்பதில்லை. 1990-களின் சிறு ஆய்வுகள் பலவற்றில் இவ்வொட்டுகளில் கணிசமானவை ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே அடைபட்டிருந்தன. போதாக்குறைக்கு, பிறர் திசுவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள், பின்னாளில் அந்நோயாளிக்கு உறுப்பு மாற்று தேவைப்பட்டால் பொருத்தமான உறுப்பைத் தேடுவதையே கடினமாக்கக்கூடும்.

பிறகு எதற்காக இதைச் சேமிக்கிறார்கள்? வீங்கிய சிரைகளுக்காகக் கால்சிரையை ஏற்கெனவே நீக்கிக்கொண்டவர், முன்பே பைபாஸ் செய்துகொண்டவர், காலை இழந்தவர் ஆகியோரை நினைத்தால் விடை தெரியும். செயற்கைக் குழாயும் இங்கே கைகொடுக்காது; ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தமனிகளுக்கு ஏற்ற அளவில் உள்ளே இரத்தம் உறைந்து அவை விரைவில் அடைபடுகின்றன. எனவே இச்சிரையை மார்புத் தமனியோடு ஒப்பிட்டுத் தோற்றது என்பது நியாயமான ஒப்பீடன்று என்பது என் கருத்து. ஸ்டென்ட் வைப்பது, ஒட்டுக்குழாய் கிடைக்காத அந்த ஒரு தமனியைத் தைக்காமல் விடுவது ஆகிய இரண்டோடும்தான் அதை எடைபோட வேண்டும். பல நோயாளிகளில் அந்த இரண்டே வெல்லும் என்றே நினைக்கிறேன்.

அதற்கு முன், கைகால் சிரைகளையெல்லாம் அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்க வேண்டும். முன்கைத் தமனியை எடுத்தாலும் கைக்கு இரத்தம் போதுமா என்றறிய, மணிக்கட்டில் இரு தமனிகளையும் அழுத்தி, வெளுத்த உள்ளங்கை சுண்டுவிரல் பக்கத் தமனியை விட்டதும் சிவக்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும். உறைந்த பையை வெதுவெதுப்பான நீரில் இட்டு உருக்கி, காப்புத் திரவத்தைப் படிப்படியாக அலசிவிட்டால் அந்தச் சிரையை மீண்டும் உறைய வைக்க முடியாது. ஆதலால் வேறு குழாய் இல்லை என்று உறுதியான பிறகே பையைத் திறக்கச் சொல்வார்கள்.