பிரசவ வலிக்கு ஹிப்னோசிஸா, எபிடியூரலா, கேஸா? மலையில இருக்கிறவங்களுக்கு எது சரிப்படும்

குன்னூர் கோத்தகிரி பக்கம் தலைப்பிரசவத்துக்கு ரெடியாகுற பொண்ணுங்க கேக்குறது இதுதான்: ஹிப்னோபர்த்திங் (பிரசவத்துக்குன்னு பழகுற சுய ஹிப்னோசிஸ்) ஆடியோ கேட்டா வலி தெரியாம பிள்ளை பொறக்குமா, இல்ல எபிடியூரல் (முதுகுல குழாய் வழியா மருந்து குடுத்து வலியை அடக்குறது) குடுக்குற ஆஸ்பத்திரியா பாத்து கோயமுத்தூருக்கே இறங்கிடலாமா? நேராவே சொல்லிடுறேன், வலி அடங்கணும்னா எபிடியூரல்தான், அதுக்கு பதில் ஹிப்னோசிஸ்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க. ஆனா வலி எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து எபிடியூரல் போடுற வரைக்கும் நடுவுல மணிக்கணக்கா நேரம் ஓடும் பாருங்க, வீட்ல, வண்டியில, வார்டு பெஞ்சுல, அந்த நேரத்துக்கு ஹிப்னோசிஸ் நல்லாவே கைகொடுக்கும்.

மொதல்ல ஹிப்னோசிஸ்னா மேடையில சொடக்கு போட்டதும் தூங்கி விழுறது இல்ல. நெனவு முழுசா இருக்கும், நர்ஸ் கூப்பிட்டா பதில் சொல்லலாம். பயந்தா உடம்பு இறுகும், இறுகினா வலி ஏறும், வலி ஏறினா பயம் இன்னும் ஏறும்னு 1930கள்லயே கிரான்ட்லி டிக்-ரீட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் சொன்னாரு, அந்த சுத்தை வெட்டுறதுதான் மொத்த வேலையும். 1989ல அமெரிக்காவுல மேரி மோங்கன் இதோட சுய ஹிப்னோசிஸை சேத்து வகுப்பா ஆக்குனாங்க. நம்ம ஊர்ல பரவலா தெரிஞ்ச லமாஸ் மூச்சுப் பயிற்சி வேற வழி, பிரெஞ்சு டாக்டர் லமாஸ் 1951ல சோவியத் யூனியன்ல பாத்துட்டு வந்து கொண்டு வந்தது, அதுல மூச்சு மேல கவனம், இதுல மனசு மேல கவனம். ரெண்டையும் கலந்து பண்ணினா ஒண்ணும் கெட்டுப்போகாது.

ஆடியோவுல பெரும்பாலும் கடற்கரை, அலைன்னு ஓடும், கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுல பொறந்து வளந்தவளுக்கு அது எங்க ஒட்டும்? கை மரத்துப்போற பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, அதை எடுத்துக்கங்க. ஜனவரி காலைல வெளிய இருக்குற தொட்டித் தண்ணில கையை விட்டா கொஞ்ச நேரத்துல வெரல் எதுவும் தெரியாம போயிடும் இல்ல? கண்ணை மூடி அதையே நெனச்சு, கை நெஜமாவே மரத்துப்போன மாதிரி ஆனதும் அதை இடுப்புல வச்சு அந்த மரமரப்பு உள்ள இறங்குதுன்னு நெனைக்கணும். வலி வந்தன்னிக்கு மொத தடவையா பண்ணினா வேலைக்கு ஆகாது, ஏழு எட்டு மாசத்துல இருந்தே தினம் தூங்கப் போறப்ப பழகணும்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்லுது? 2013ல டென்மார்க்ல 1222 பேரை வச்சும், 2015ல இங்கிலாந்துல 680 பேரை வச்சும் சுய ஹிப்னோசிஸ் பயிற்சியை சோதிச்சாங்க, ரெண்டுலயும் எபிடியூரல் கேக்குறவங்க எண்ணிக்கை பெருசா குறையல. பல ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசுற காக்ரேன் தொகுப்பு 2016ல ஒம்பது ஆய்வைப் பாத்துட்டு, மொத்தமா வலி மருந்து எடுக்குறது கொஞ்சம் குறையலாம், எபிடியூரல் குறையுறதா தெரியலன்னு சொல்லுது. ஆனா இங்கிலாந்து ஆய்வுல ஒரு விஷயம், பயிற்சி எடுத்தவங்க, முன்னாடி நெனச்சு பயந்த அளவுக்கு பிரசவத்துல பயமோ பதட்டமோ இல்லன்னு பிள்ளை பொறந்தப்புறம் சொன்னாங்க. எனக்கு இதுவே பெரிய லாபமா படுது. ட்ரிப்ஸ்ல பிரசவ வலி வர வைக்குற மருந்து ஏத்துறாங்கன்னா மட்டும் கஷ்டம், மூச்சு வாங்க விடாம அடுத்தடுத்து வலி வரும், அப்போ எபிடியூரல் கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

எபிடியூரலுக்கு மயக்க டாக்டர் கூடவே இருக்கணும், முதுகுல மெல்லிசா ஒரு குழாய் போடுவாங்க, பிபி இறங்கலாம் அதனால பாத்துக்கிட்டே இருக்கணும், முக்குற நேரம் கொஞ்சம் நீளும், நூத்துல ஒருத்தருக்கு போல அப்புறம் கடுமையான தலைவலி வரலாம். இதனால சிசேரியன் கூடும்னு சொல்றது சரியில்ல, ஆய்வுகள்ல அப்படி வரல. ராத்திரி ரெண்டு மணிக்கும் மயக்க டாக்டர் இருப்பாரான்னு செக்கப் போறப்பவே கேட்டுடுங்க, அதுதான் மலையில நெஜமான கேள்வி.

கேஸ், அதாவது பாதி நைட்ரஸ் ஆக்சைடு பாதி ஆக்சிஜன், மாஸ்க்கை நாமளே புடிச்சு இழுக்கணும், முழுசா புடிக்க முக்கால் நிமிஷம் போல ஆகும், அதனால வலி ஏற ஆரம்பிக்கும்போதே இழுக்கணும். ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்தழுத்தமே கடல் மட்டத்துல இருக்குறதுல முக்கால் பங்கு சொச்சம்தான், அதனால அதே கேஸ் சமவெளியில கேக்குற அளவுக்கு மலையில கேக்காது. பெத்திடின் மாதிரி ஊசி தூக்கத்தையும் வாந்தியையும் தரும், பிள்ளையும் சொணங்கிப் பொறக்கலாம், என் லிஸ்ட்ல அதுக்கு கடைசி எடம்.

இதுல யாரும் கண்டுக்காத ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, கூட ஒரு ஆள். 2017 காக்ரேன்ல 26 ஆய்வு, பதினஞ்சாயிரத்துக்கு மேல பெண்கள், கூடவே ஆள் இருந்தவங்களுக்கு சுகப்பிரசவம் அதிகம், பிரசவ நேரம் கம்மி, சிசேரியனும் கம்மி. அரசு ஆஸ்பத்திரியிலயும் பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு, ஏற்கனவே பிள்ளை பெத்த சொந்தக்காரப் பொம்பளையா இருந்தா நல்லதுன்னு வழிகாட்டுதல்லயே இருக்கு, வார்டுல மறைப்பு வசதி இருந்தா புருஷனையும் விடலாம். பயந்து ஒப்பாரி வைக்குற பெரியம்மாவை மட்டும் தயவு செஞ்சு கூட்டிட்டுப் போகாதீங்க, அதுக்கு தனியா நிக்குறதே மேல்.

அதனால என் வரிசை இது: துணை மொதல்ல, அந்தத் துணைக்கும் சேத்து மூச்சும் ஹிப்னோசிஸும் சொல்லிக்குடுங்க, எபிடியூரல் கெடைக்குற எடமா இருந்தா கடைசி வரை அந்தக் கதவைத் தொறந்தே வைங்க. கூடலூர் பக்கம் எஸ்டேட் லைன்லயோ உள்ளடங்குன பழங்குடி பதியிலயோ இருந்தா வலிக்கு காத்திருக்காம, பிரசவ காத்திருப்பு அறை இருக்கான்னு கிராம நர்ஸ்கிட்ட விசாரிச்சு முன்னாடியே போயிடுங்க, மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சா எந்த ஆடியோவும் உதவாது. ஆடியோவை போன்ல டவுன்லோட் பண்ணி வைங்க, காட் ரோட்ல டவர் எடுக்காது. முன்னாடி மனநோய்க்கு வைத்தியம் பாத்திருந்தா டாக்டரைக் கேக்காம ஹிப்னோசிஸ் வேண்டாம். ரத்தம் போனாலோ, பனிக்குடம் உடைஞ்சு தண்ணி பச்சையா வந்தாலோ, பிள்ளை அசைவு கொறைஞ்சாலோ ரிலாக்ஸ் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, இயர்போனை கழட்டிட்டு 108க்கு அடிங்க.