கனடா கிரீன்ஹவுஸ் வேலை, இரண்டு வருஷத்தில் பிஆர்: 14 லட்சம் கொடுத்து நான் ஏமாந்த கதை

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பையன் கனடா வேலைக்கென்று 2 லட்சம் அட்வான்ஸ் கட்டியிருக்கிறான். அவன் அம்மா இனிப்போடு வந்து சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் என்னிடமும் வாங்கினார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு இத்தனை மாதம் சும்மா இருந்தேன். இனி இருக்கப் போவதில்லை.

எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். சின்ன வயதிலிருந்து தக்காளிதான். விலை இல்லாமல் பறித்த தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போன நாளெல்லாம் உண்டு. 2022 தொடக்கத்தில் என் மச்சான் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினான். கனடாவில் கிரீன்ஹவுஸ் வேலை, பெரிய படிப்பு வேண்டாம், இரண்டு வருஷத்தில் பிஆர் என்கிற நிரந்தர வசிப்புரிமை, அப்புறம் குடும்பத்தையே கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சி. பெயர் சொல்ல மாட்டேன், புகார் கொடுத்திருக்கிறேன்.

ஏசி அறை, சுவரில் மேப்பிள் இலைக் கொடி. "தம்பி, கம்ப்யூட்டர் படிச்சவனுக்குக்கூட இப்ப பாயின்ட் பத்தல. உங்களுக்கு விவசாயம் தெரியும். உங்களுக்குன்னே அவங்க தனி ஸ்கீம் வெச்சிருக்காங்க" என்றார் அங்கிருந்த ஏஜென்ட். அப்படி ஒரு திட்டம் இருந்தது உண்மை. அதனால்தான் நம்பினேன்.

அதன் பெயர் அக்ரி ஃபுட் பைலட். 2020 மே மாதம் கனடா அரசு தொடங்கியது. அதற்கு முன் தோட்டத்திலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் உடல் உழைப்பு வேலை செய்கிறவர்கள் அங்கேயே நிலைத்து வாழ வழி மிகக் குறைவு. 1966 முதல் நடக்கும் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் ஜமைக்கா, மெக்சிகோ ஆட்கள் வருஷத்துக்கு அதிகபட்சம் 8 மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு மெக்சிகோ அண்ணன் 17 சீசன் வந்தவர். அவருடைய பிள்ளைகள் அவரில்லாமலே வளர்ந்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை வருஷம் முழுக்க இருக்கும் இடங்களுக்காகத்தான் இந்தப் புதுத் திட்டம் வந்தது: கிரீன்ஹவுஸ், காளான் பண்ணை, கால்நடைப் பண்ணை, இறைச்சி பதப்படுத்துதல். அங்கே ஒரு வருஷம் முழுநேர வேலை செய்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான படிப்பு இருக்க வேண்டும், ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும் என்பது அப்போதைய விதி. ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் எழுதுவதற்கும் பேசுவதற்கும் 4 எடுத்தால் போதுமாக இருந்தது. இதையெல்லாம் அந்த ஏஜென்ட் சரியாகவே சொன்னார். எனக்குக் கொடுக்கப்போகும் வேலை இந்தத் திட்டத்துக்குள் வராது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மொத்தம் 14 லட்சம். முதலில் 3, எல்எம்ஐஏ வந்ததும் 6, விசா குத்தியதும் 5. வெளிநாட்டு ஆளை எடுக்க அனுமதி கேட்டு முதலாளி வாங்கும் அரசுக் கடிதம்தான் எல்எம்ஐஏ. "அதுக்குத்தான் செலவே, அங்க கவர்மென்ட்டுக்குக் கட்டணும்" என்றார். அரை ஏக்கர் விற்றேன், மனைவியின் நகை முழுவதும் அடகுக் கடைக்குப் போனது. பணத்தை ரொக்கமாகத்தான் வாங்கினார்கள். கையில் கொடுத்த ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம் 25,000 ரூபாய்' என்று இருந்தது. கேட்டதற்கு, "வரி பிரச்சினை தம்பி, உங்களுக்கும் நல்லதுதான்" என்றார்.

இப்போது காரணம் தெரிகிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு ஒரு ஆளிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இல்லாதவர் ஆள் எடுப்பதே 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். கனடா பக்கம் இன்னும் மோசம். எல்எம்ஐஏவுக்கு முதலாளி ஒரு ஆளுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும், அதைத் தொழிலாளியிடம் திரும்ப வாங்கக் கூடாது. தோட்ட வேலைக்கு அந்த 1,000 டாலர்கூடக் கிடையாது, கட்டணமே இல்லை. விவசாயப் பிரிவில் எடுத்தால் போகவர விமான டிக்கெட்டும் முதலாளி பொறுப்பு. நான் 6 லட்சம் கொடுத்து வாங்கிய கடிதத்துக்கு அந்த நாட்டு அரசு ஒரு பைசா வாங்கவில்லை. டிக்கெட்டையும் நானே எடுத்தேன்.

2022 அக்டோபரில் டொராண்டோவில் இறங்கினேன். வேனில் நாலு மணி நேரம் தென்மேற்கே போனால் லெமிங்டன். கனடாவின் தக்காளித் தலைநகரம் என்பார்கள். முதல் ராத்திரி வானம் இளஞ்சிவப்பாக இருந்தது, எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கிரீன்ஹவுஸ் விளக்குகளின் வெளிச்சம் அது.

வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை. கொடி கூரைக் கம்பியிலிருந்து நூலில் தொங்கும். தரையில் ஓடும் வெந்நீர்க் குழாய்தான் தண்டவாளம், அதன்மேல் வண்டியை உருட்டிக்கொண்டே போய் அடி இலையைக் கிள்ள வேண்டும், நூலை இறக்கிக் கொடியைச் சாய்க்க வேண்டும், பழத்தைக் குலையோடு வெட்ட வேண்டும். இலைச் சாறு கையில் பச்சையாகப் படிந்து காய்ந்து கறுத்துப்போகும். சோப்புப் போட்டால் மஞ்சளாக நுரை வரும், கறை போகாது. ஊரில் என் அப்பா கையிலும் அதே கறைதான்.

தங்கிய இடம் மூன்று அறை வீடு, ஒன்பது பேர், ஒரு கழிவறை. வாடகையாக வாரம் 120 டாலர் சம்பளத்தில் பிடித்தார்கள். விவசாயப் பிரிவில் தங்குமிடத்துக்கு வாரம் 30 டாலருக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று விதி. எங்களுக்கு யார் சொல்வார்கள்? வேலை பர்மிட் ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. அவரிடமிருந்து போனால் வேறெங்கும் வேலை செய்ய முடியாது. யாராவது வாய் திறந்தால் மேற்பார்வையாளர் சொல்வது ஒன்றுதான்: "டிக்கெட் போடட்டுமா?" 2023இல் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா கனடாவுக்கு வந்துவிட்டு, இந்தத் தற்காலிகத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைத்தனம் வளர இடம் கொடுக்கிறது என்றார். அடிமை என்பது பெரிய வார்த்தை. ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் ஒன்பது பேரும் அந்தச் செய்தியைப் போனில் படித்தபோது, மிகைப்படுத்தியிருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் முடிந்ததும் பிஆர் பேச்சை எடுத்தேன். கோயம்புத்தூர் ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. டொராண்டோ பக்கம் ஒருவர் இதெல்லாம் செய்து தருவார் என்று நண்பர் ஒருவர் நம்பர் கொடுத்தார். தமிழ் பேசினார், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். 4,000 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு "அப்ளிகேஷன் போட்டாச்சு, இனிக் காத்திருக்க வேண்டியதுதான்" என்றார். எட்டு மாதம் காத்திருந்தேன். என் சார்பில் அவர் விண்ணப்பிப்பதற்கான ரெப்ரசென்டேட்டிவ் படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கவேயில்லை, விண்ணப்ப எண்ணும் காட்டவில்லை. பணம் வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்பவர் அங்கே வக்கீலாகவோ அதுபோன்ற சட்ட அங்கீகாரம் உள்ளவராகவோ குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்கிற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் பட்டியல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது, பெயர் போட்டால் வந்துவிடும். நான் போட்டுப் பார்க்கவில்லை. சோறு போட்டவரைச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

2024 மே மாதம் ஒரு இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா என் சம்பளச் சீட்டுகளைக் கட்டாக வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு ஒரு சீட்டை என் பக்கம் திருப்பி, இடது மேல் மூலையில் விரலை வைத்தார். அங்கே இருந்தது கிரீன்ஹவுஸின் பெயர் இல்லை. தோட்டங்களுக்கு ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரின் பெயர். எல்எம்ஐஏவும் அவர் பெயரில், பர்மிட்டும் அவர் பெயரில்.

அக்ரி ஃபுட் பைலட்டில் தொழிலாளி செய்யும் வேலை மட்டும் பொருந்தினால் போதவில்லை. சம்பளம் கொடுக்கும் நிறுவனமும் அந்தத் துறைகளில் ஒன்றாக இருக்க வேண்டியிருந்தது. கிரீன்ஹவுஸ் நடத்துபவர் அந்தப் பட்டியலில் இருந்தார், ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் இல்லை. தேவைப்பட்டது 1,560 மணி நேரம், அதாவது வாரம் 30 மணி வீதம் ஒரு வருஷம். நான் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உழைத்திருந்தேன். தக்காளிச் செடி அதே செடி, கண்ணாடிக் கூரை அதே கூரை. ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் வரவில்லை. டொராண்டோக்காரர் விண்ணப்பமே போடவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். "ஏங்க, நீங்க முதல்ல சாப்பிட்டீங்களா?" என்றாள். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

அந்த அம்மா ஒரு நல்ல காரியம் செய்து கொடுத்தார். இப்படி ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட பர்மிட்டில் சுரண்டலுக்கு ஆளாகிறவர்களுக்கு 2019 ஜூன் முதல் தனியாக ஒரு ஓப்பன் பர்மிட், அதாவது வேறு முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய பர்மிட் உண்டு. கட்டணம் இல்லை. நாட்டுக்குள் இருந்துகொண்டு, பர்மிட் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். ஆதாரம் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஏது ஆதாரம்? ஏஜென்ட் "பேலன்ஸ் 5 எப்ப வரும்" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அதுவும், 120 டாலர் பிடித்த சம்பளச் சீட்டும் கைகொடுத்தன. ஆகஸ்டில் ஒரு வருஷ பர்மிட் கிடைத்தது. செப்டம்பரில் ஒரு கிரீன்ஹவுஸில் நேரடியாகச் சேர்ந்தேன். அங்கே முறையாக நடத்தினார்கள். மறுபடி முதல் மணியிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

2025 பிப்ரவரி 13 அன்று அக்ரி ஃபுட் பைலட்டில் அந்த வருஷத்துக்கான விண்ணப்ப ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. மே 14 அன்று திட்டமே முடிந்துவிட்டது. பைலட் என்றாலே முடிவுத் தேதி உள்ள சோதனைத் திட்டம்தான். என் கணக்கு அப்போது பாதி வழியில் இருந்தது. ஆகஸ்டில் பர்மிட் முடிந்தது, செப்டம்பரில் ஊர் வந்து சேர்ந்தேன். நகை இன்னும் கடையில்தான்.

இப்போது எங்கள் பகுதியில் விற்பது 'ஆர்சிஐபி', அதாவது ரூரல் கம்யூனிட்டி இமிகிரேஷன் பைலட் என்கிற பிஆர் திட்டம். தெருப்பையன் கட்டியதும் இதற்குத்தான், மொத்தம் 18 லட்சமாம். இதுவும் உண்மையான திட்டம்தான். 2025 ஜனவரியில் கனடா அரசு 14 சிறு நகரப் பகுதிகளை அறிவித்தது. சட்பரி, டிம்மின்ஸ், தண்டர் பே, பிராண்டன், மூஸ் ஜா எல்லாம் அதில் உண்டு. டொராண்டோ இல்லை, வான்கூவர் இல்லை. அந்தந்த ஊர் ஏற்றுக்கொண்ட முதலாளியிடமிருந்துதான் வேலைக் கடிதம் வர வேண்டும், ஊரின் பரிந்துரையும் வேண்டும். ஏற்றுக்கொண்ட முதலாளிகளின் பட்டியலை ஊர்களே இணையத்தில் போடுகின்றன. அவனுக்குக் கொடுத்த கடிதத்தில் இருப்பது பிராம்ப்டன் முகவரி. டொராண்டோவை ஒட்டிய நகரம் அது, 14இல் கிடையாது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு ஊராகத் திறந்து காட்டினேன். முகம் வெளுத்துப்போனது.

இன்னொன்றும் சொல்வார்கள்: எல்எம்ஐஏ இருந்தால், பாயின்ட் பார்த்து பிஆருக்கு அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 50 பாயின்ட் கூடும் என்று. 2025 மார்ச் 25 முதல் வேலைக் கடிதத்துக்கான பாயின்ட்டையே எடுத்துவிட்டார்கள். இந்தப் பொய் விற்பனை அதிகமானதுதான் காரணம் என்று அரசே சொன்னது. இன்னமும் 50 பாயின்ட் என்று பேசுகிற ஏஜென்ட்டிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். கடிதம் வந்தால் மூன்று பெயரை ஒப்பிடுங்கள்: எல்எம்ஐஏவில் இருப்பது, வேலை ஒப்பந்தத்தில் இருப்பது, நீங்கள் உண்மையில் வேலை செய்யப்போகும் இடம். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கனவே அங்கே மாட்டிக்கொண்டவர்கள் 1-866-602-9448க்குப் பேசுங்கள். சர்வீஸ் கனடாவின் ரகசியப் புகார் எண் அது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள்.

சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்தில் நான் புகார் கொடுத்துவிட்டேன். 25,000 ரூபாய் ரசீதையும் வாய்ஸ் மெசேஜையும் இணைத்திருக்கிறேன். என்னோடு அந்த வீட்டில் இருந்தவர்களில் மூன்று பேர் இதே கன்சல்டன்சி வழியாக வந்தவர்கள், அவர்களும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். 2022, 2023இல் கோயம்புத்தூரிலிருந்து லெமிங்டனுக்கு இப்படிப் போனவர் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். தெருப்பையனும் அவன் அப்பாவும் நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன்.