கடைக்கு 12 இலக்கக் கால்குலேட்டர்: வாங்கும் முன் அழுத்திப் பார்க்க வேண்டியவை

மளிகையோ ஹார்டுவேரோ, கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு போனில் இருக்கும் கால்குலேட்டரைவிட இந்த மேசைக் கால்குலேட்டர்தான் சரி. காரணம், எம் பிளஸ் (M+): ஒவ்வொரு விடையையும் நினைவகத்தில் கூட்டிவைக்கும் பட்டன். துவரம்பருப்பு 3 × 165 எம் பிளஸ், எண்ணெய் 2 × 240 எம் பிளஸ், சர்க்கரை 5 × 46 எம் பிளஸ் என்று போட்டுக்கொண்டே போய், நினைவக மொத்தத்தைக் காட்டும் எம்ஆர் (MR) அழுத்தினால் 1205 வந்துவிடும். ஒரு கிலோ பருப்பு வேண்டாம் என்று திருப்பித் தந்தால் 165 எம் மைனஸ் (M−, நினைவகத்திலிருந்து கழிக்கும்), மொத்தம் 1040. பேப்பரில் எழுதிக் கூட்டும் வேலையே கிடையாது.

ஆனால் அடுத்த பில்லுக்கு முன், நினைவகத்தை அழிக்கும் எம்சி (MC) அழுத்த வேண்டும். பெரும்பாலான மாடல்களில் ஏசி (AC) திரையைத்தான் துடைக்கும், நினைவகத்தை அல்ல. திரை மூலையில் சின்னதாக ‘எம்’ தெரிந்தால், முந்தைய வாடிக்கையாளரின் தொகை இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

“கால்குலேட்டர் கெட்டுப்போச்சு” என்று சொல்பவர்கள் முதலில் திரைக்குக் கீழே இருக்கும் தள்ளு சுவிட்சைப் பாருங்கள். அது ‘ஏ’ (A) அல்லது ‘ஆட் 2’ (ADD2) பக்கம் நகர்ந்திருந்தால், புள்ளி வைக்காமல் போடும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காசாக எடுத்துக்கொள்ளும். 250 + 100 போட்டால் 3.50 வரும். கூட்டல், கழித்தலில் மட்டும்தான் இப்படி. பெருக்கல் சரியாகவே வரும். அதனால்தான் கோளாறு பிடிபடுவதில்லை. சுவிட்சை, விடையை அப்படியே காட்டும் ‘எஃப்’பில் (F) வையுங்கள். விடையை முழுமையாக்கும் பக்கத்துச் சுவிட்சையும் கவனியுங்கள். முதல் சுவிட்ச் 0-இல் (தசமம் இல்லை) இருந்து, பக்கத்துச் சுவிட்ச் மேல்நோக்கிய அம்புக்குறியில் இருந்தால் 100 ÷ 3 என்பது 34 ஆகிவிடும்; 5/4-இல் (5-உம் அதற்கு மேலும் இருந்தால் மட்டும் ஏற்றும்) 33.

சதவீத பட்டனில்தான் பணம் போகிறது. வாங்கும்போதே 100 + 5 % அழுத்திப் பாருங்கள். சிலவற்றில் 105 வரும், சிலவற்றில் 105.26. இரண்டாவது பழுதல்ல, விற்பனை விலையில் 5 சதவீதம் லாபம் நிற்க என்ன விலை வைக்க வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. இது தெரியாமல் வரி சேர்த்தால் ஒவ்வொரு பில்லும் தப்பு. 18 சதவீத வரிக்கு 1.18 ஆல் பெருக்குவது எந்த மாடலிலும் தவறாது.

18 சதவீத வரி உட்பட 1180 ரூபாய் என்றால் அடிப்படை விலை என்ன? நிறையப் பேர் 18 சதவீதத்தைக் கழிக்கிறார்கள், 967.60 வருகிறது. தவறு. வரி போட்டது 1000-க்கு, 1180-க்கு அல்ல. 1180 ÷ 1.18 = 1000, வரி 180. கழித்துப் போட்டவர் பில்லுக்கு 32.40 பிசகுகிறார்.

இன்னொன்று: 2 + 3 × 4 = போட்டால் இதில் 20, போனில் 14. இது அழுத்துகிற வரிசையிலேயே கணக்குப் போடும். எனவே பெருக்கலை முதலில் முடித்துவிடுங்கள்.

சோலார் தகட்டை விரலால் மூடிப் பாருங்கள். எண்கள் மங்கினால் உள்ளே பொத்தான் செல் இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது; வெளிச்சம் குறைந்த கடையில் பாதி பில்லில் நினைவகம் அழியும். பில் வேலைக்கு ‘செக்’ வசதி உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். போட்ட எண்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்து, தப்பான இடத்தை மட்டும் திருத்தலாம்.