அலெக்சாண்ட்ரா பேலஸ், 1936: பேர்டு முறையா, மார்கோனி-ஈ.எம்.ஐ. முறையா?

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, ஒரே கட்டடத்தில் இரு போட்டி முறைகளுக்கும் தனித்தனி ஸ்டுடியோக்கள் ஒதுக்கப்பட்டு, ஒரு வாரம் பேர்டு நிறுவனத்தின் முறையிலும் மறுவாரம் மார்கோனி-ஈ.எம்.ஐ. முறையிலும் ஒளிபரப்பு நடந்தது. முன்னதில் படம் 240 வரிகளாகப் பிரித்து அனுப்பப்பட்டது, பின்னதில் 405 வரிகளாக; வரிகள் கூடக் கூடப் படம் நுணுக்கமாகும். இந்த எண்களைக் கொண்டே இரண்டையும் எடைபோடுவது வழக்கம். ஆனால் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது கேமராதான் என்பது என் கருத்து.

தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பேர்டு நம்பியிருந்தது துளைத்தட்டு, அதாவது காட்சியைத் துளைகள் வழியே புள்ளி புள்ளியாக வருடிப் படித்தெடுக்கும் சுழலும் தட்டு. அதில், ஒரு புள்ளி வருடப்படும் அந்தக் கணத்தில் கிடைக்கும் ஒளி மட்டுமே பயன்படும், மீதியெல்லாம் வீண். 1926இல் அவர் லண்டனின் சோஹோ பகுதியில் காட்டிய 30 வரிப் படத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வரிகள் பெருகப் பெருக ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி அருகியதால், அவரது நிறுவனம் ஒரு சுற்றுவழியை நாட வேண்டியதாயிற்று: கேமரா காட்சியை முதலில் 17.5 மி.மீ. படச்சுருளில் பதிவு செய்யும். சுருள் உடனே ரசாயனத் தொட்டிகளில் கழுவப்பட்டு, ஈரம் காயுமுன்பே வருடப்பட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடம் தாமதமாக ஒளிபரப்பாகும். தொட்டிகளும் தண்ணீர்க் குழாய்களும் பிணைந்திருந்த அந்தக் கேமராவை இருந்த இடத்திலிருந்து நகர்த்த வழியில்லை. ஏற்கெனவே எடுத்த திரைப்படங்களை ஒளிபரப்புவதில் மட்டும் பேர்டு முறை நன்றாகவே இயங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐசக் ஷோன்பெர்க் தலைமையிலான ஈ.எம்.ஐ. குழுவின் எமிட்ரான் கேமராவில், மின்கற்றை ஒருமுறை வருடிச் சென்று மீண்டும் திரும்பி வரும்வரை ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளி மின்னூட்டமாகச் சேர்ந்துகொண்டே இருந்தது. அதற்கும் குறை உண்டு: படத்தில் தேவையற்ற நிழல்கள் படர்ந்ததால், அவற்றைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் ஒளிபரப்பு முழுவதும் கட்டுப்பாட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆனால் அது நகரும், உடனடியாகக் காட்டும். மேலும், நொடிக்கு 25 முழுப் படங்களை, ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளைக் கொண்ட 50 அரைப் படங்களாகப் பின்னி அனுப்பியதால், பேர்டு முறையில் கண்ணை உறுத்திய சிமிட்டல் இதில் வெகுவாகக் குறைந்தது.

1936 நவம்பர் 30 அன்று லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கட்டடம் எரிந்தபோது அங்கிருந்த பேர்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களும் அழிந்தன. அந்தத் தீ நேராதிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என நான் நினைக்கவில்லை. 1937 தொடக்கத்தில் பேர்டு முறை கைவிடப்பட்டது. அவ்வாண்டு மே 12 அன்று ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் முனையிலிருந்து எமிட்ரான் கேமராக்கள் நேரலையாகக் காட்டின. 405 வரி ஒளிபரப்பு பிரிட்டனில் 1985 வரை நீடித்தது.