கபடி, பளுதூக்குதல், ஆணழகன் மேடை: எது விளையாட்டு?

தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரங்களில் கபடி ஆடுபவனை விளையாட்டு வீரன் என்று சொல்லத் தயங்காத நாம், அதே தெருவில் ஆண்டுக்கணக்கில் ஜிம்மில் உழைத்து மேடையேறுபவனை மட்டும் ‘ஆணழகன்’ என்கிறோம். உடற்கட்டு (பாடிபில்டிங்) என்பது விளையாட்டா, அழகுப் போட்டியா என்ற வழக்கில் பாதித் தீர்ப்பை இந்தச் சொல்லே எழுதிவிடுகிறது.

கபடியில் பாடிப்போனவன் எதிராளியைத் தொட்டுத் திரும்பினால் புள்ளி, பிடிபட்டால் வெளியே. பளுதூக்குதலில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (தோள்வரை தூக்கிப் பின் தலைக்கு மேல் உயர்த்துவது) இரண்டிலும் தலா மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை விளக்கு காட்டினால் எடை கணக்கில் சேரும். உடற்கட்டிலோ தசையின் பருமன், உறுப்புகளின் பொருத்தம், கொழுப்பு கரைந்த தெளிவு ஆகியவற்றை நடுவர்கள் கண்ணால் ஒப்பிட்டே வரிசைப்படுத்துகிறார்கள்.

கண்ணால் மதிப்பிடுவது ஒரு குறையாகாது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற ஜிம்னாஸ்டிக்ஸும் நடுவர் கண்ணை நம்பியதுதான். வலுவான மறுப்பு வேறு: ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் நம் முன்னால் ஒன்றைச் செய்கிறார், உடற்கட்டு வீரரோ முன்பே செய்து முடித்ததைக் காட்டுகிறார். “அதிக விளைச்சலுக்குப் பரிசு கொடுக்கலாம், அதற்காக உழவை விளையாட்டு என்போமா?” என்று கபடி ஆடி வளர்ந்த என் சித்தப்பா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பதில், கும்பகோணத்தில் ஒரு போட்டி மேடைக்குப் பின்னால் கிடைத்தது. முந்தைய நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்திருந்த ஓர் இளைஞன், வெல்லத்துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தான். மேடையில் காட்ட வேண்டிய ஏழு கட்டாய நிலைகளிலும் (போஸ்) உச்சி முதல் பாதம் வரை ஒவ்வொரு தசையையும் இறுக்கிப் பிடித்தபடி முகத்தை மட்டும் மலர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். நான்காவது நிலையிலேயே அவன் தொடை நடுங்கியது. இறங்கி வந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, தரையில் சரிந்தவனின் பாதத்தை அவன் அண்ணன் மடக்கி நீவிவிட்டார். மேடையில் உழைப்பு இல்லை என்று அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

அரசும் அமைப்புகளும் ஒரே குரலில் பேசியதில்லை. உடற்கட்டு வீரர்களான பிரேம்சந்த் தெக்ராவுக்கு 1986-லும் எஸ்.பாஸ்கரனுக்கு 2019-லும் அர்ஜுனா விருது கிடைத்தது. 2002 பூசான், 2006 தோஹா ஆசிய விளையாட்டுகளில் உடற்கட்டுக்குப் பதக்கங்கள் இருந்தன. ஒலிம்பிக் வாயில் இன்றுவரை திறக்கவில்லை.

என்னை உறுத்துவது ஊக்கமருந்து. பளுதூக்குதலும் இதனால் நெடுங்காலம் தலைகுனிந்தது. ஆனால் அங்கே மருந்து எடுத்தவனும் மேடையில் பளுவைத் தூக்கிக் காட்டித்தான் ஆக வேண்டும். இங்கே மருந்து வளர்த்த தசையே மதிப்பெண்ணாகிவிடுகிறது. அதனால், முறையான மருந்துச் சோதனையோடு நடக்கும் உடற்கட்டுப் போட்டியை நான் கபடிக்கு இணையான விளையாட்டாகவே கொள்கிறேன். சோதனையின்றிக் கோப்பை கொடுக்கும் மேடைக்கு, எங்கள் ஊரிலேயே நடந்தாலும், அந்தப் பெயரைத் தரமாட்டேன்.